காசியம்மாளின் பங்கு

"எக்கா, ஒங் கிடா திரும்பியும் எங் கொல்லையிலதான் நிக்குது."

நிர்மலா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். கையில் ஒரு குச்சி இருந்தது. ஓங்கியும் இருந்தது. இறங்கத்தான் இல்லை. காது நுனியில் வெட்டுப்பட்ட கிடா அது, ஏரிக்கரை வீரன் சாமிக்கு நேர்ந்து விட்டது. அதன் மேல் கை வைத்தால் கை விளங்காமல் போகும் என்பது அந்த மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஓட்டி வுடேன் நிர்மலா."

"ஓட்டுனா போவுதா அது? தொ, சோளத்தத் தின்னுக்கினே என்ன மொறைக்குது. ஒண்ணு வெக்கலாம்னு கைய ஓங்குனா, ஒங்க சாமி வந்து புடிச்சிக்குது."

"அது எங்க சாமி இல்ல."

"பின்ன யாரு சாமி? ஒஞ் சாமிதான் ஆடு கேக்காத சாமியாச்சே. அந்தச் சாமி ஆட்ட அந்தச் சாமிக்கே குடுத்துத் தொலையேன். நடுவுல எஞ் சோளம் இன்னா பாவம் பண்ணுச்சு?"

காசியம்மாள் விடிந்ததிலிருந்து கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரித்துவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் கீறல், வேர்வை பட்டு எரிந்தது. மடியில் இருந்த அகத்தித் தழையை எடுத்து ஆட்டிக் காட்டினாள். கிடா சோளத்தை விட்டுவிட்டு, பெரிய மனுஷன் போல நிதானமாக நடந்து வந்தது.

வீரனுக்கு நேர்ந்தது அவள்தான். மகள் மலர்விழிக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், புல் அறுக்கப்போன இடத்தில் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் தலைவிரிகோலமாக உட்கார்ந்து, "வீரா, இந்த உசுர வுட்டுடு, ஒனக்கு ஒரு உசுரு தரேன்" என்று சொன்னாள். மகள் பிழைத்து எழுந்தாள். குட்டி ஒன்று வாங்கிக் காதில் வெட்டி விட்டாயிற்று. அது வளர்ந்து வெட்டுக்கு வருவதற்குள் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். துக்க வருஷத்தில் படையல் கிடையாது. அந்த வருஷம் முடிவதற்குள் காசியம்மாள் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

ஏன் போனாய் என்று ஊரே கேட்டது. "உக்கார எடம் இருந்துச்சு" என்றாள். பொய்யில்லை. சிமெண்டு ஷீட்டுக் கூரை, ஒரு ஃபேன், தரையில் பாய். ஆனால் உட்கார்ந்தவள் எழுந்து போகாமல் இருந்ததற்குக் காரணம் பாஸ்டர் சந்தோஷ் சொன்ன ஒரு வார்த்தை. மாரிக்குச் சேவல், வீரனுக்குக் கிடா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காசு முடிந்து வைப்பது, காய்ச்சல் போனால் அவிழ்த்துக் கொடுப்பது என்று ஆயுசெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தவள் அவள். அந்த மனுஷன் சொன்னார்: ஒருத்தர் ஒரே தரம் தன் ரத்தத்தையே கொடுத்துவிட்டார், இனிமேல் எந்த உயிரையும் வெட்ட வேண்டாம், போதும். போதும் என்கிற வார்த்தையை, சோற்றுப் பந்தியில் தவிர வேறு எங்கேயும் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஆனாலும் முதல் திருவிருந்தில் குட்டிக் கப்பில் திராட்சை ரசம் வந்து, அது கிறிஸ்துவின் ரத்தம் என்று சொன்னபோது, பயந்துபோய் வாசற்பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டாள். ரத்தம் குடிப்பது அருள் வந்த ஆம்பிளை செய்கிற காரியம். அவள் குடும்பத்தில் அது புருஷனின் அண்ணன் முனியன், வீரனுக்குப் பூசாரி. அவர் கிடாவின் கழுத்தில் வாய் வைக்கிற நேரத்தில் பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"ஐயா, எம்மேல அருள் வரலீங்களே. நா எப்டிக் குடிக்கிறது?" என்று பாஸ்டரிடம் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "இங்க அப்டி ஒருத்தருக்கு மட்டும்னு இல்லம்மா. உள்ள வந்து உக்காந்தவங்க எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்குது. இது உங்க பங்கு."

அதற்குப் பிறகு குடித்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிடா ஒன்றுதான் மிச்சம்.

சங்கராபுரம் சந்தைக்கு ஆடு பிடிக்கிற அக்பர் அலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முதுகைத் தடவினார், பல்லைப் பார்த்தார், நல்ல சரக்கு என்று தலையாட்டினார். பிறகு காதைப் பார்த்தார்.

"ஏம்மா, இது சாமிக்கு வுட்டதா?"

"ஆமா பாய். ஒங்களுக்குத்தான் அந்தச் சாமி இல்லியே."

"இல்லாததாலதாம்மா வாங்க முடியாது. வேற பேரு சொல்லி வுட்டது எங்களுக்கு ஆவாது."

"எனக்கும் ஆவாது பாய்."

"அப்ப யாருக்குத்தாம்மா ஆவும்?"

"அதத்தான் நானும் கேட்டுக்கினு இருக்கேன்."

ஜெபவீட்டு வேலியில் கட்டலாமா என்றதற்கு, சபையார் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று பாஸ்டர் மறுத்துவிட்டார். முனியன் மட்டும் ஒரு நாளும் கேட்டு நெருக்கவில்லை. "நேர்ந்தவ தன் கையால கயிறு குடுத்தாதான் நா கத்தி எடுப்பேன். புடுங்கித் திங்கறதுக்கு வீரன் இன்னா திருடனா?" என்பார். ஆக, வெட்டவும் முடியாமல், விற்கவும் முடியாமல், அடிக்கவும் முடியாமல் அந்தக் கிடா ஊரான் கொல்லையில் எல்லாம் தின்று கொழுத்துக் கிழடு தட்ட ஆரம்பித்தது.

இப்போது மலர்விழி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. பிரஷர் ஜாஸ்தி, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். துணிப்பை கட்டித் தயாராக மூலையில் இருந்தது. மகள்தான் அசைய மாட்டேன் என்றாள்.

"அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலதான நீ வேண்டிக்கின?"

"ஆமா."

"உசுருக்கு உசுருன்னுதான சொன்ன?"

"பயத்துல சொன்னேன்டி."

"சொன்னியா இல்லியா, அதச் சொல்லு. எம் மாமியா கேக்குது, ஒங்கம்மா குடுக்காத உசுர வீரன் எங்கருந்து எடுத்துக்கும்னு. எங்கிட்டருந்துதான எடுக்கும்? இல்லாட்டி இதுங்கிட்டருந்து." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அந்த பாக்கிய வெச்சிக்கினு அந்தப் படி ஏற மாட்டேம்மா நானு."

"இன்னாடி பேசற. டாக்டரு இருக்காங்க, மருந்து இருக்குது..."

"அன்னிக்குந்தான் டாக்டரு இருந்தாங்க. அப்பறம் ஏன் நீ வேண்டிக்கின?"

மகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை. சோறு போட்ட தட்டு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது.

சனிக்கிழமை மாலை பாஸ்டரைத் தேடிப் போனாள். அவர் மலைமேல் இருக்கிற சபைகளுக்குப் போய்விட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். பைக்கெல்லாம் சேறு. துணியால் துடைத்துக்கொண்டே, "உக்காருங்கம்மா" என்றார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

"ஐயா, அந்த ரத்தம் எல்லாத்துக்கும் செல்லும்னீங்களே. சொல்லிட்டுக் குடுக்காத வேண்டுதலுக்கும் செல்லுங்களா?"

"யாருக்குச் சொன்னது?"

"வீரனுக்குங்க. அந்தக் கிடா."

"அது பொய்யான சாமிம்மா. அதுகிட்ட சொன்னதுக்கு ஏது பாக்கி?"

"சாமி பொய்யாவே இருக்கட்டுங்க. சொன்ன வாய் என்னுதாச்சே."

பாஸ்டர் துணியை உதறிவிட்டு யோசித்தார். "ஏன், வெட்டிடலாம்னு பாக்கறீங்களா?"

"எம் பொண்ணு நாளன்னிக்கு ஆஸ்பத்திரி போவணும். போவ மாட்டேங்குது. வெட்டினா போவும். வெட்டினா இன்னாங்க ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. இடி விழாது. ஆனா அவரு போதும்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க கத்திய எடுத்துக் குடுத்தா, இல்ல, நீ குடுத்தது பத்தலன்னு அவருகிட்ட சொன்னாப்ல ஆயிடும்." துணியை மடித்துக்கொண்டே, "ஜெபம் பண்ணுங்கம்மா. நானும் பண்றேன்" என்றார்.

வழியெல்லாம் அந்தப் பேச்சையே மென்றுகொண்டு வந்தாள். பத்தலை என்று எப்படிச் சொல்வது? சொன்னால், இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவளே எழுந்து வந்த மாதிரி. சொல்லாவிட்டால் மகள் சுவரைப் பார்த்தபடியே கிடப்பாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எல்லாத்துக்கும் செல்லும் என்றால் இதற்கும் செல்ல வேண்டும். செல்லுமா செல்லாதா என்பதை வாங்கிக்கொள்கிறவரிடம்தானே கேட்க வேண்டும்?

மறுநாள், மாதத்துக்கு ஒரு தரம் வருகிற திருவிருந்து ஞாயிறு. அப்பத்தைத் தின்றாள். கப் வந்ததும் எல்லோரையும் போல வாங்கிக்கொண்டு தலை குனிந்தாள். மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும்போது, கழுவி வைத்திருந்த தைல பாட்டிலில் அதைச் சாய்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பாட்டில் முழுக்கக்கூட ரொம்பவில்லை. ஒரு வாய் இருக்கும், அவ்வளவுதான்.

"எழுந்திரு மலரு. வீரன் கோயிலுக்குப் போலாம்."

மலர்விழி திரும்பிப் பார்த்தாள். "நெசமாவா? கிடா குடுக்கறியா?"

"வா. பாக்கியத் தீத்துட்டு வந்துடலாம்."

அகத்தித் தழை வாசனைக்குக் கிடா தானாகவே பின்னால் வந்தது. ஏரிக்கரை புளியமரத்தடியில் வீரன் கல்லாக நின்றது. மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்த கல். பின்னால் கல்வராயன் மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. முனியன் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். கிடாவையும் மகளையும் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார்.

"மாமா, நா கயிறு குடுக்க வரலீங்க."

"பின்ன?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாட்டிலை எடுத்தாள். முனியன் வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா இது, திராட்சையா?"

"ஆமாங்க. எங்க கோயில்ல இதான் ரத்தம்."

"எம்மா!" என்று மலர்விழி அலறினாள். "ஆட்டுக்குப் பதிலா ஜூஸு ஊத்தப் போறியா? வீரன வெளாட்டுப் புள்ளன்னு நெனச்சியா?"

"சும்மா இரு பொண்ணு," என்றார் முனியன். கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "திராட்சைய ரத்தம்னு யாரு சொன்னது?"

"குடுத்தவரே சொன்னாருங்க. சாவறதுக்கு மொத நாள் ராத்திரி சாப்புடும்போது கப்பக் கையில வெச்சிக்கினு, இது என் ரத்தம், ஒங்க எல்லாருக்காவவும் சிந்தப் போறேன்னாராம். அன்னிக்கி ராத்திரியே ஆளுங்க வந்து புடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சே சொன்னாராம்."

"அப்ப அவரையும் வெட்டிட்டாங்க."

"மரத்துல அறைஞ்சாங்க."

முனியன் பாட்டிலைச் சாய்த்து அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நாங்க ஆட்டையாவது கேட்டுட்டு வெட்டறோம். மஞ்சத்தண்ணி ஊத்துறோம். அது சிலிர்த்து ஒடம்ப ஒதறுனாத்தான் சம்மதம். ஒதறலன்னா எத்தினி நாழியானாலும் கத்தியத் தொட மாட்டேன். அவர யாருனா கேட்டாங்களா?"

காசியம்மாளுக்கு இதில் ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை இல்லை. பாஸ்டர் என்றைக்கோ சொன்னதை மெல்ல நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

"அவரே கேட்டுக்கினாராம் மாமா. சாப்ட்டு முடிச்சிட்டு ஒரு தோட்டத்துக்குப் போனாராம். கூட வந்தவங்கல்லாம் அசதியில தூங்கிட்டாங்களாம். இவரு மட்டும் மண்ணுல வுழுந்து, இது வோணாமே, வேற வழி இல்லியான்னு கெஞ்சினாராம். ரத்தமா வேர்த்துச்சாம். அப்பறம் எழுந்து, சரி, ஒன் இஷ்டம்னாராம்."

முனியன் பாட்டிலை இன்னொரு தரம் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "சிலிர்த்தாருன்னு சொல்லு" என்றார்.

"ஆமாங்க. சிலிர்த்தாரு."

அவர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். காசியம்மாள் கல்லின் முன்னால் நின்றாள். கும்பிடவில்லை. கும்பிடாமல் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. சந்தைக்காரனிடம் பேசுகிற மாதிரிதான் பேச வந்தது.

"வீரா, நா ஒனக்கு ஒரு உசுரு தரேன்னு சொன்னேன். இது எல்லாருக்கும் சேத்துக் குடுத்த உசுரு. இதுல எம் பங்கு இவ்ளோதான். எடுத்துக்கோ. இதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

கல்லின் அடியில் ஊற்றினாள். மண் சட்டென்று குடித்துவிட்டது. ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஈரம். அவ்வளவுதான்.

மலர்விழி பெரியப்பாவின் முகத்தையே பார்த்தாள். "பெரியப்பா, ஏத்துக்கிச்சுன்னு எப்டித் தெரியும்?"

"கேட்டாப் போச்சு," என்று எழுந்தார். குடத்திலிருந்து மஞ்சள்தண்ணீரைச் சொம்பில் மொண்டார். "தண்ணிதான் ஊத்தறேன், கத்தி உள்ள கெடக்குது. சிலிர்த்துச்சுன்னா வீரனுக்கு இன்னும் கிடா வோணும்னு அர்த்தம். அப்ப நீ கயிறு குடுத்துதான் ஆவணும் காசி. சம்மதமா?"

காசியம்மாள் கிடாவைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடுதான் சிலிர்க்காது? ஆனாலும் மகளின் கண் அவள் மேல் இருந்தது. தலையாட்டினாள்.

தலையிலிருந்து வால் வரைக்கும் தண்ணீர் இறங்கியது. கிடா நின்றது. முனியன் இரண்டாம் சொம்பை ஊற்றினார். ஆட்டுத் தாடியிலிருந்து மஞ்சளாகச் சொட்டியது. கிடா அகத்தித் தழையை அசைபோட்டுக்கொண்டே எங்கேயோ பார்த்தது. அதன் தோல்கூட அசையவில்லை. கிழட்டு உடம்பா, ஊரான் கொல்லையில் எத்தனையோ மழையில் நனைந்த பழக்கமா, யாருக்குத் தெரியும்?

மூன்றாம் சொம்போடு முனியனின் கை கிடாவின் காதுப்பக்கம் போனது. காதுக்குள் ஒரு துளி இறங்கினால் எப்பேர்ப்பட்ட ஆடும் உதறும். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

"காதுல வோணாங்க மாமா."

அவர் கை அந்தரத்தில் நின்றது. அவளைப் பார்த்தார். மலர்விழியின் வீங்கிய காலைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே ஒருத்தரு சிலிர்த்து முடிச்சிட்டாரு. அப்பறம் இது எதுக்குச் சிலிர்க்கும்?" என்றார். "தீந்துச்சு பொண்ணு. வீரனுக்கும் ஒங்கம்மாவுக்கும் இனி ஒண்ணுங் கெடையாது. காலையில பஸ் ஏறு."

"நெசமா பெரியப்பா?"

"நாந்தான் பூசாரி. நா சொல்றேன். போ, போயி சாப்புடு."

அன்றைக்கு மலர்விழி இரண்டு தரம் சோறு கேட்டாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருகிற பஸ்ஸுக்காக இருவரும் நிர்மலாவின் கொல்லையோரம் நின்றார்கள். பாஸ்டரின் பைக் வந்து நின்றது. அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"காசியம்மா, முனியன் டீக்கடையில ஒக்காந்து, ஏசு வந்து வீரனுக்கு பாக்கி தீத்துட்டாருன்னு சொல்லிக்கினு இருக்காரு. நெசமாவே அந்தக் கல்லு மேல ஊத்தினீங்களா?"

"எம் பங்கத்தாங்க ஊத்தினேன். வேற யாரு பங்கையும் தொடல."

"அது நீங்க குடிக்கிறதுக்குக் குடுத்ததும்மா. ஒரு விக்கிரகத்துக்கு முன்னாடி போயி..." வண்டியை ஸ்டாண்டில் தட்டி நிறுத்தினார். "எவ்ளோ பெரிய தப்பு தெரியுமா?"

"தப்புன்னா தப்புதாங்க ஐயா. அடுத்த மாசம் எனக்குக் கப்பு வோணாம். வாசல்லயே நிக்கறேன். எத்தினி மாசம் சொல்றீங்களோ அத்தினி மாசம். இப்ப இவ பஸ் ஏறணும்."

பாஸ்டர் மலர்விழியின் காலைப் பார்த்தார். செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு நின்றிருந்தாள். பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அவர் துணிப்பையை வாங்கிக்கொண்டார்.

"படி ஒசரம்மா. கம்பியப் புடிச்சி ஏறு," என்றார் மலர்விழியிடம்.

அவள் ஏறினாள். நின்று யோசிக்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. காசியம்மாள் ஏறியதும் பையை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டே, "கப்பப் பத்தி வந்தப்பறம் பேசிக்கலாம். புள்ள பொறந்ததும் போன் பண்ணுங்க" என்றார். கோபம் இன்னும் முகத்தில்தான் இருந்தது.

பஸ் நகர்ந்தது.

"எம்மா, அங்க பாரு."

கிடா சோளக்கொல்லையில் நின்றிருந்தது. அதற்கு நேராக நிர்மலா, கையில் குச்சி. ஓங்கினாள். வழக்கம்போல கை நின்றது. விரலை ஒரு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குச்சி இறங்கியது, பின்பக்கத்தில் சுரீரென்று. பிறந்ததிலிருந்து அடியே அறியாத கிடா, கதிரை வாயில் கவ்விக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்து உதறிக்கொண்டு ஓட்டம் எடுத்தது.

"இப்பச் சிலிர்க்குது பாரு அதுக்கு!" மலர்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி. பிரஷர் ஏறும்."

"அடிச்சிட்டாம்மா! நெசமாவே அடிச்சிட்டா!"

"ஆடுன்னா அடிக்கத்தான் செய்வாங்க," என்றாள் காசியம்மாள். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தாள். கம்பி அதிர்ந்தது, கன்னம் வலித்தது, நகர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிப்போனாள்.